பத்து மரம் எழுதியவள் ஒரு மரமும் எழுதவில்லை

இரண்டாம் வகுப்பு. 'மரம்' என்ற சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் மூன்றாவது மரத்திலேயே முக்கிக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் முடித்துவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தாள். இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று மறுநாள் அவள் பின்னால் நின்று கவனித்தேன். முதலில் மேலிருந்து கீழாகப் பத்து வரியிலும் ம, ம, ம. அப்புறம் பக்கத்தில் பத்து ர. அதற்கப்புறம் இன்னொரு பத்து ம. கடைசியில் அவற்றின் தலையில் ஒரே ஓட்டமாகப் பத்துப் புள்ளி. பத்து மரம் எழுதிய பிள்ளை உண்மையில் ஒரு மரம்கூட எழுதவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் செய்தது கெட்டிக்காரத்தனம். அர்த்தமில்லாத வேலையைக் கொடுத்தால் அதை எவ்வளவு சுருக்க முடிகிறதோ அவ்வளவு சுருக்குவதுதானே புத்தி?

அதே மாதத்தில் இன்னொன்று நடந்தது. பாடத்தைத் தங்குதடையில்லாமல் வாசிக்கும் ஒரு பையன் இருந்தான். வெளியிலிருந்து யாராவது வகுப்பைப் பார்க்க வந்தால் நான் முதலில் எழுப்புவது அவனைத்தான். ஒருநாள் சும்மா, நான்காவது வரியின் நடுவில் விரலை வைத்து, "இந்த ஒரு சொல்லை மட்டும் படிடா" என்றேன். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண் பக்கத்தின் முதல் வரிக்குப் போய், அங்கிருந்து முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்து, என் விரல் இருந்த இடத்தை எட்டியதும், "குளம்!" என்றான் வெற்றியோடு. முழுப் பாடமும் அவனுக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம். எழுத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை.

அன்றிலிருந்து யார் படிக்கிறார்கள், யார் ஒப்பிக்கிறார்கள் என்று பார்க்க இதைத்தான் செய்கிறேன். பக்கத்தின் நடுவில் ஒரு சொல். பிறகு கடைசி வரியிலிருந்து மேல் நோக்கி வரி வரியாக. படத்தைக் கையால் மறைத்துவிட்டு ஒரு முறை. பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. செய்து பார்த்தால், நன்றாகப் படிக்கும் கூட்டத்தில் நாம் வைத்திருக்கும் சிலர் அங்கே இருக்க மாட்டார்கள். மந்தம் என்று ஒதுக்கிய ஒன்றிரண்டு பேர் தட்டுத்தடுமாறியாவது நிஜமாகவே படித்துக்கொண்டிருப்பார்கள்.

இனி எதை மாற்றினேன் என்பதற்கு வருகிறேன். எல்லாம் ஒரே வருடத்தில் வந்ததில்லை. பலவற்றைத் தப்பாகச் செய்துதான் கற்றேன்.

முதலில் கைவைத்தது சுவரில் தொங்கிய அட்டவணையில். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. பெரியவர்களுக்குப் பெருமையான கணக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது 247 படி உள்ள மலை. அ முதல் ஃ வரை முடித்து, க முதல் ன வரை முடித்து, பிறகு குறில் நெடில் வரிசை என்று போனால், தானாக ஒரு சொல்லைப் படிக்கும் சந்தோஷம் பிள்ளைக்குக் கிடைக்க மாதங்கள் ஆகும். அதற்குள் எழுத்து என்றாலே சலிப்பு என்று மனசில் பதிந்துவிடும்.

இப்போது நான் ட, ப, ம, ர என்ற நான்கில் தொடங்குகிறேன். ட எழுதத் தெரிந்த கை, கோட்டை அப்படியே மேலே ஏற்றினால் ப வந்துவிடும். வடிவத்தில் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. இந்த நான்கோடு புள்ளியும் காலும் சேர்ந்தால் மரம், படம், பாடம், பட்டம், மட்டம், மாடம், மாமா, பாப்பா எல்லாம் கைக்குள். இரண்டாவது வாரத்திலேயே சொல் படிக்கிறார்கள். ஒருமுறை ஒரு பையன் அட்டைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று "டீச்சர், ரப்பர்!" என்று கத்தினான். ர, ப், ப, ர். நான் சொல்லிக் கொடுக்காத சொல். அந்த வகுப்பு முழுக்க ரப்பரை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

அட்டவணை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. தெரிந்த எழுத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டுகிறோம்.

காலும் கொக்கியும் எளிது. கொம்புதான் தொல்லை. 'கெ' என்று சொல்லும்போது க் முதலில், எ பிறகு. எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. காது ஒரு வரிசை சொல்கிறது, கை வேறு வரிசையில் எழுத வேண்டியிருக்கிறது. 'கொ' வந்தால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பிள்ளைகள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டால் அது கவனக்குறைவு இல்லை, காதை நம்பியதால் வந்த பிழை. இதைக் கரும்பலகையில் விளக்கி விளக்கித் தோற்றுப்போய், கடைசியில் பிள்ளைகளையே எழுத்தாக்கினேன். ஒருவன் கழுத்தில் 'க' அட்டை. ஒருத்தியிடம் கொம்பு, ஒருத்தியிடம் கால், ஒருவன் கையில் கறுப்புக் காகிதம் ஒட்டிய வட்டத் தட்டு, அதுதான் புள்ளி. வகுப்பைப் பார்த்து நிற்பார்கள். வகுப்பின் கண்ணுக்கு 'க'வின் இடப்பக்கம் கொம்பு வந்து நின்றால் எல்லாரும் "கெ". வலப்பக்கம் கால் வந்தால் "கா". இரண்டு பேரும் இரு பக்கமும் வந்து பிடித்துக்கொண்டால் "கொ". புள்ளிக்காரன் ஓடிவந்து தலைக்கு மேல் தட்டைப் பிடித்தால் சத்தம் பாதியில் நிற்க வேண்டும். புள்ளியாக இருக்கத்தான் சண்டை. ஒரே ஆள் வந்து மொத்த வகுப்பின் வாயையும் அடைக்கிற அதிகாரத்தை யார்தான் விடுவார்கள்?

உகர வரிசைக்கு இந்த விளையாட்டு உதவாது. கு, சு, டு, து, மு, யு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. அவற்றைக் குறியாகக் கற்பிக்காமல் சொல்லோடு சொல்லாக, ஒவ்வொன்றாகத்தான் அறிமுகப்படுத்த வேண்டும். ஔகார வரிசையை நான் அவசரப்படுத்துவதே இல்லை. அது வருகிற சொற்கள் எத்தனை?

எழுதுவதற்கு முன் பெரிய அசைவு. தரையில் சாக்பீஸால் ஆள் உயர எழுத்து, அதன்மேல் நடப்பது. ஈரத்துணியால் கரும்பலகையில் எழுதி அது காய்வதற்குள் படிப்பது. மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய பள்ளியில், எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, விரலால் தடவச் செய்தார். உப்புத்தாள் இல்லாவிட்டால் ஒரு தட்டில் மணல் போதும். விரலுக்குத் தெரிந்த எழுத்தைப் பென்சில் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

ஒற்று விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 'அமா', 'பளி', 'படம்' (பட்டம் என்று நினைத்து எழுதியது). எத்தனை வருடம் சிவப்பு மையால் ஒற்றைச் சொருகியிருப்பேன்! காரணம் தெரிந்தது ஒரு கைதட்டல் விளையாட்டில். சொல்லை அசை பிரித்துக் கைதட்டச் சொன்னேன். அம்மா: இரண்டு தட்டு. பட்டம்: இரண்டு. படம்: அதுவும் இரண்டு. பிள்ளைகள் கேட்டது சரி, மெய்யெழுத்துக்குத் தனியாக ஒரு தட்டு விழாது. காதில் தனியாக விழாததைக் கை எப்படி எழுதும்? அதனால் விளையாட்டை மாற்றினேன். உயிரோ உயிர்மெய்யோ வந்தால் தட்டு, மெய் வந்தால் கையை இறுக மூடு. அம்மா: தட்டு, மூடு, தட்டு. படம்: தட்டு, தட்டு, மூடு. பட்டம்: தட்டு, மூடு, தட்டு, மூடு. தினமும் வரிசையில் நிற்கும்போது, தண்ணீர் குடிக்கப் போகும்போது, இரண்டு மூன்று சொல். எழுதும்போது மேசைக்கடியில் கை தானாக மூடித் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். பிழை முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'எங்கேயோ ஒன்று விட்டுப்போச்சு' என்ற சந்தேகம் பிள்ளைக்கே வர ஆரம்பித்தது.

ல, ள, ழ குழப்பத்துக்கு மருந்து தற்செயலாகக் கிடைத்தது. "நான் தினமும் பல்லிக்குப் போவேன்" என்று ஒருவன் எழுதியிருந்தான். சுழிக்காமல், "நீ எழுதியதை அப்படியே படமாக வரை" என்றேன். வீடு, பை, சாலை எல்லாம் வரைந்தான். "எங்கே போகிறாய்? இன்னொரு முறை படி." படித்தான். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சாலையின் முடிவில் ஒரு மாபெரும் பல்லியை வரைந்து, அதன் வாயில் பையோடு நுழையும் தன்னையும் வரைந்தான். அந்தப் படம் அந்த வருடம் முழுக்கச் சுவரில் இருந்தது. பிறகு பிள்ளைகளே இணை தேட ஆரம்பித்தார்கள்: வலி – வழி, அரை – அறை, மனம் – மணம், களை – கலை. எழுத்து மாறினால் உலகம் மாறும் என்று படத்தில் பார்த்தவனுக்கு, இது எந்த 'ள' என்று கேட்கத் தோன்றும். விதியை மட்டும் கேட்டுக்கொண்டவனுக்குத் தோன்றாது.

எந்தச் சொல் மனசில் நிற்கும் என்பதிலும் நமக்கு ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது, சின்னச் சொல் எளிது, பெரிய சொல் கடினம் என்று. திங்கள்கிழமை ஒவ்வொரு பிள்ளையிடமும், "உனக்கு எந்தச் சொல் வேண்டும்?" என்று கேட்டு அட்டையில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். லாரி. அக்கா. டைனோசர். பேய். 'அணில்' மூன்று வாரம் பழகியும் பாதிப் பேருக்குத் தடுமாற்றம். 'பேய்' ஒரே நாளில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது, யாரும் சொல்லிக் கொடுக்காமலே. நியூசிலாந்தில் மாவோரி குழந்தைகளோடு சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை இதே வழியில்தான் வாசிப்பைத் தொடங்கினார் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டபோது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைத்திருந்தேன்!

அடுத்தது, பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்ற சிக்கல். இதில் என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர் உடன்பட மாட்டார்கள். பிள்ளை "எங்க நாய் ஓடிப்போயிடுச்சு, நான் அழுதேன்" என்று சொன்னால், நான் கரும்பலகையில் அப்படியேதான் எழுதினேன். "தப்பைக் கற்றுக் கொடுக்கிறீர்கள்" என்றார்கள். என் வாதம் இது: தன் வாயிலிருந்து வந்தது எழுத்தாகி நிற்பதைப் பார்க்கும் முதல் அனுபவத்தில், நான் அதைத் திருத்தி "எங்கள் நாய் ஓடிப்போய்விட்டது" என்று எழுதினால், பிள்ளை தன் சொல்லைத் தேடும், அது அங்கே இருக்காது. எழுத்து என்பது தன் பேச்சு இல்லை, டீச்சருடையது என்று முடிவு கட்டிவிடும். ஆகவே முதலில் வாய்வரி. சில வாரம் போனபின் அதன் கீழேயே வேறு நிறத்தில் புத்தகவரி. "நாம இப்படிச் சொல்றோம், புத்தகம் எப்படிச் சொல்லும்?" என்று கேட்டால் போட்டி போட்டுக்கொண்டு மாற்றுகிறார்கள். 'ஓடிச்சு', 'ஓடியது' ஆவதில் அவர்களுக்கு வேஷம் கட்டுகிற மாதிரி ஒரு குஷி. புத்தகம் பேசுகிற குரலில், கொஞ்சம் மிடுக்காக, இழுத்துச் சொல்வார்கள். இரண்டும் தமிழ்தான் என்பது அந்த வயதிலேயே புரிந்துவிட்டால் பின்னால் கட்டுரை எழுதும்போது பயம் இருக்காது.

கோஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்குவது, மொழியைப் புரிந்துகொள்வது, இரண்டையும் பெருக்கினால் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யமென்றால் விடையும் பூஜ்யம். என் 'குளம்' பையனுக்கு ஒரு பக்கம் பூஜ்யம். இன்னும் சிலருக்கு மறுபக்கம்: எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் வாசிப்பார்கள், என்ன படித்தாய் என்றால் முழிப்பார்கள். அவர்களுக்காகத்தான் துண்டுச்சீட்டு. பெட்டியில் மடித்த சீட்டுகள். எடுத்து, வாய்விட்டுப் படிக்காமல், அதில் உள்ளதைச் செய்ய வேண்டும். "கதவைத் தொட்டுவிட்டு வா." "சிரிக்காமல் மூன்று அடி நட." "நீலச் சட்டை போட்ட யாரிடமாவது பென்சில் கேள்." மற்றவர்கள் சீட்டில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிப்பார்கள். புரிந்ததா என்று நான் கேள்வி கேட்கவே தேவையில்லை, உடம்பு சொல்லிவிடும்.

தினமும் பத்து நிமிடம் நான் கதை வாசிப்பேன், அதன் முடிவில் கேள்வி கிடையாது. முன்பெல்லாம் கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்?" என்று கேட்பேன். கதை முடியப் போகிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் முகம் மாறுவதைக் கவனித்தபின் விட்டுவிட்டேன். ஒரே கதையைப் பதினைந்தாவது முறை கேட்டாலும் வாசிப்பேன். நமக்குத்தான் அலுப்பு.

தோற்றவற்றையும் சொல்ல வேண்டும். வாசிப்புக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டை வைத்தேன். மேலே இருந்த நாலு பேர் இன்னும் படித்தார்கள், கீழே இருந்தவர்கள் அந்தச் சுவர்ப் பக்கம் பார்ப்பதை நிறுத்தினார்கள். இரண்டே மாதத்தில் கிழித்துப் போட்டேன். ஆளுக்கொரு வரியாக வரிசையில் வாசிக்க வைப்பதும் அப்படித்தான். தன் முறைக்கு எத்தனை பேர் பாக்கி என்று எண்ணி, தனக்கு எந்த வரி வரும் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். மற்ற வரிகள் காதில் ஏறாது. தன் வரி முடிந்ததும் அன்றைய பாடமே முடிந்தது. இப்போது இருவர் இருவராகக் கிசுகிசுவென்று வாசிக்கிறார்கள். சத்தம் அதிகம், பரவாயில்லை. தடுமாறுகிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்புக்குக் கதை வாசிக்க அனுப்புகிறேன். எளிய புத்தகத்தை எடுக்க வெட்கப்பட்டவன், 'சின்னப் பசங்களுக்காக' என்றதும் நாலு முறை ஒத்திகை பார்க்கிறான்.

சிவப்பு மை. ஒரு பெண்ணின் அரைப்பக்கக் கதையில் 23 சுழி போட்டிருந்தேன். அடுத்த வாரம் அவள் இரண்டு வரி எழுதினாள். இரண்டிலும் பிழையே இல்லை. நான் பாராட்டிவிட்டேன், அதுதான் வேடிக்கை. அப்புறம் முந்தின கதையை எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதில் யானை காணாமல் போகிறது, மழை பிடித்துக்கொள்கிறது, யாரோ மரத்தில் ஏறி அழுகிறார்கள். இதில் "பூ அழகு. பூ சிவப்பு." எழுதத் தெரிந்த சொற்களுக்குள் தன் கதையை ஒடுக்கிக்கொண்டாள். அதன்பின் ஒரு எழுத்துவேலையில் ஒரு வகைப் பிழையை மட்டும் தொடுகிறேன். மற்றவற்றை என் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன், அடுத்த வாரத்துக்கு எதைச் சொல்லித் தருவது என்று அவைதான் எனக்குக் காட்டுகின்றன.

எழுத வைக்கிற விஷயத்தில் எனக்குப் பெரிய வெற்றி, நான் திட்டமிடாத ஒன்று. வகுப்பில் ஓர் அட்டைப்பெட்டியைத் தபால்பெட்டி ஆக்கியிருந்தேன். நண்பனுக்குக் கடிதம் எழுதுங்கள் என்றேன். முதல் வாரமே சிலருக்கு ஐந்து கடிதம், ஒருவனுக்கு ஒன்றுகூட இல்லை. அவன் பெட்டியைக் கவிழ்த்து உள்ளே பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உடனே குலுக்கல் முறை வைத்தேன்: யார் பெயர் வருகிறதோ அவருக்கு எழுத வேண்டும், வந்தால் பதில் போட வேண்டும். நானும் குலுக்கலில் உண்டு.

ஆனாலும் எழுத மறுக்கிற நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களை எழுத வைத்தது புகார். "டீச்சர், இவன் என்னைக் கிள்ளிட்டான்" என்று நாளைக்கு நாற்பது முறை வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எழுதிப் பெட்டியில் போடு" என்றேன். ஒரு வரி எழுத அரைமணி நேரம் எடுப்பவன் ஆறு வரி எழுதினான். யார், எப்போது, எந்தக் கையால், யார் சாட்சி, எல்லாம் இருந்தது. எந்தக் கட்டுரைத் தலைப்பும் அவனிடம் இவ்வளவு விவரத்தைக் கறந்ததில்லை. அப்புறம் எதிர்த்தரப்பிடமும் எழுத்தில் பதில் வாங்கினேன். புகார்கள் கூடிப்போய் ஒரு கட்டத்தில் வகுப்பு நீதிமன்றமாகிவிட்டது. அதனால் ஒரு புகாருக்கு ஒரு பாராட்டும் எழுத வேண்டும் என்று விதி வைத்தேன். பாராட்டுகள் ஒற்றை வரியில் வரும், "அவன் நல்லவன்" என்று. புகார்கள் மட்டும் பக்கம் பக்கமாக.

அந்த ஆறுவரிப் பையனின் அடுத்த புகார் என் மேல். "டீச்சர் நேத்து கதையப் பாதியில நிறுத்திட்டாங்க. சிங்கம் கெணத்துல விழுந்துச்சா இல்லையா. நைட்டு தூக்கம் வரல. பதில் எழுதுங்க." வாய்வரியிலேயே இருந்தது, ஒரு ஒற்றும் விட்டுப்போகவில்லை. புகாருக்கு எழுத்தில் பதில் என்பது நான் போட்ட விதி. உட்கார்ந்து எழுதினேன்: "மணி அடித்துவிட்டது. என் தவறுதான். சிங்கம் இன்னும் கிணற்றின் விளிம்பில் நிற்கிறது. இன்று முதல் பாடவேளையே கதைதான்."

அதைப் படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பாராட்டு வரியையும் எழுதிப் பெட்டியில் போட்டான்.